மாடி நனையாத வீடுகள்

சித்திரை வெயிலில் சாத்தூர் ரோடெல்லாம் தார் இளகிக் கிடந்த ஒரு மத்தியானம், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் குருவையா மதுரை ஆஸ்பத்திரியில் முதல் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வீடு வந்து, கட்டிலில் சாய்ந்து, ஒரு வாய் மோர் குடித்துக் கண்ணை மூடியபோது, அவர் வீட்டின் மேல் மட்டும் மழை பெய்தது. பக்கத்து வீட்டு மாடியில் ஒரு சொட்டு இல்லை, எதிர் வீட்டு வாசலில் ஒரு சொட்டு இல்லை. காம்பவுண்டுச் சுவர் எங்கே முடிந்ததோ அங்கே மழையும் முடிந்தது, கொடியில் காய்ந்த துணிகளில் அவர் எல்லைக்குள் தொங்கிய வேட்டி நனைந்து ஒட்டிக்கொண்டது, சுவரைத் தாண்டித் தொங்கிய துண்டு மொறமொறவென்று காய்ந்தது. அவர் மனைவி வெளியே வந்தாள், மேலே பார்த்தாள், உள்ளே போய் இருக்கிற குடங்களையெல்லாம் தூக்கிவந்து வரிசையாக வைத்தாள். தெருவுக்கு முனிசிபாலிட்டித் தண்ணீர் வந்து வாரம் இரண்டாகியிருந்தது. மழை ஏன் வந்தது என்று யோசித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் இரண்டு குடம் நிரம்பிவிடும்.

அடுத்த வாரம் வளையல் கடைக்காரர் ஒருவர் வீட்டின் மேல் பெய்தது, அதற்கடுத்து ரயிலடிப் பக்கம் ஒரு டீச்சர் வீட்டின் மேல் பெய்தது, எல்லோரும் மதுரைக்குப் போய்ப் புற்றுக்கு 'வடிவு மருந்து' ஏற்றி வருகிறவர்கள் என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. யாரும் வாயைப் பிளக்கவில்லை. கரிசல் காட்டில் மழை என்பது வந்தால் வரும், வராவிட்டால் வராது, அது கடலிலிருந்து வந்தால் என்ன, வளையல் கடைக்காரர் உடம்பிலிருந்து வந்தால் என்ன என்று ஊர் எடுத்துக்கொண்டது. சின்னக் கட்டி என்றால் தூறல், பெரிய கட்டி என்றால் கனமழை, கட்டி கரையக் கரைய மழையும் குறைந்துகொண்டே வரும் என்று டீக்கடையில் பேசித் தெளிந்தார்கள். ஆடி மாதம் குருவையாவுக்குக் கடைசி டிரிப்ஸ் ஏறியபோது வாசல் தெளிக்கிற அளவுக்குக்கூடப் பெய்யவில்லை. உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்வதற்கு நாலு நாள் முன்னாலேயே தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கு முன்பெல்லாம் அந்த வியாதி வந்த வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள், தண்ணீர் கொடுத்தால் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். இப்போது அதே வீட்டு வாசலில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று உண்மையாகவே விசாரித்தார்கள். வீட்டு புரோக்கர்கள் மழை வீட்டை ஒட்டிய வீடு என்று சொல்லி வாடகையை ஏற்றினார்கள். டீச்சர் வீட்டுக்குப் பின்னால் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த முதலாளி மட்டும், குச்சி எல்லாம் ஈரக் காற்றில் நமுத்துப் போகிறது, டிரிப்ஸ் ஏற்றுகிற அன்றைக்கு டீச்சர் தன் அக்கா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டால் நல்லது என்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டார். டீச்சர் ஆப்பிளை வாங்கிக்கொண்டு யோசிக்கிறேன் என்றாள், கடைசிவரை யோசித்துக்கொண்டே இருந்தாள்.

இந்த மருந்தைக் கண்டுபிடித்த வடிவாம்பாள் அதே சாத்தூரில் பிறந்து, மதுரையில் படித்து, மதுரையிலேயே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தின் நீள மேஜைக்கு முன்னால் நின்று தலை நரைத்தவள். புற்றுநோய்க்கு மருந்து தேடுவது என்றால் மலைமேல் ஏறி மூலிகை பறிப்பது என்று சொந்தக்காரர்கள் நினைத்திருந்தார்கள். அவள் செய்ததோ, ஒரு பொடியை இன்னொரு பொடியோடு சேர்த்துக் காய்ச்சி, வடித்து, கண்ணாடித் தட்டில் வளர்கிற புற்றுச் செல்கள்மேல் விட்டு, மறுநாள் வந்து அவை செத்துவிட்டனவா என்று எட்டிப் பார்ப்பதும், சாகவில்லை என்றால் பொடியில் ஒரு மூலையை மட்டும் மாற்றி மறுபடி காய்ச்சுவதும்தான். சில மருந்துகள் புற்றைக் கொன்றன, கூடவே எலியையும் கொன்றன. சில எலியைக் காப்பாற்றின, கூடவே புற்றையும் காப்பாற்றின. ஒரு மருந்து இரண்டு வருஷம் அமர்க்களமாக வேலை செய்து, பிறகு பார்த்தால் வேலை செய்தது மருந்தல்ல, அதைக் கரைத்த திரவம் என்று தெரிந்தது, அன்றைக்கு வடிவாம்பாள் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்து தட்டுகளைக் கழுவி வைத்தாள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள், இந்த மருந்து முடியட்டும் என்றாள், அது முடியவில்லை, அடுத்தது முடியட்டும் என்றாள், பார்த்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் பேரன் பேத்தி பிறந்த பிறகு, நானூற்றுப் பதினேழாம் நம்பர் மருந்து புற்றைக் கொன்று எலியை விட்டுவைத்தது.

எலிக்கு ஒத்துக்கொண்டது மனிதருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பழைய மருந்தோடு புது மருந்து, மீதிப் பாதிக்குப் பழைய மருந்தோடு வெறும் உப்புத் தண்ணீர். பாட்டில் ஒன்று போலவே இருக்கும். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது, ஏற்றுகிற டாக்டருக்குத் தெரியாது, மருந்தைக் கண்டுபிடித்தவளுக்கும் தெரியாது, வேறு ஊரில் பூட்டின அறைக்குள் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும், ஆசை கணக்கைக் கெடுத்துவிடும். இந்த முறைமேல் வடிவாம்பாளுக்கு இருந்த பக்தி சாமிமேல்கூட இருந்ததில்லை.

எனவே மழை விஷயம் காதில் விழுந்ததும், யார் வீட்டின் மேல் பெய்கிறது என்று கண்ணில் படாமல் இருக்க அவள் செய்த முதல் வேலை ஒரு பெரிய கறுப்புக் குடை வாங்கியதுதான். திருநெல்வேலிப் பக்கம் போகிற பஸ்ஸில் சாத்தூர் வரும்போது ஷட்டரை இறக்கிவிட்டாள், ஊருக்குள் இறங்க வேண்டிவந்தால் குடையைத் தோள்மட்டத்துக்கு இறக்கிப் பிடித்துத் தரையைப் பார்த்து நடந்தாள், எதிரே வந்தவர்கள் 'டாக்டரம்மா வானத்தைப் பாக்க மாட்டாக' என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். அண்ணன் சங்கரலிங்கம் வீட்டுக்குப் போவதை அடியோடு நிறுத்திவிட்டாள். ஏனென்றால் அண்ணன் மனைவி இசக்கியம்மாளும் அந்தச் சோதனையில் இருந்தாள்.

இசக்கியம்மாளைச் சேர்த்துவிட்டவளே வடிவாம்பாள்தான். மார்பில் கட்டி என்று தெரிந்த அன்று, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதினிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாதிப் பேர், உப்புத் தண்ணீர், பூட்டின அறை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள், நோய் முற்றியது என்று ஸ்கேனில் தெரிந்தால் அந்த ஆளுக்கு மட்டும் பூட்டைத் திறந்து பார்த்து, உப்புத் தண்ணீர்க்காரராக இருந்தால் புது மருந்துக்கு மாற்றிவிடுவார்கள் என்பதையும் சொன்னாள். இசக்கியம்மாள் ஒரு காம்பை உருவிப் போட்டுவிட்டு, "நீ செஞ்ச மருந்துதான வடிவு? அப்புறம் என்ன இம்புட்டு வெளக்கம்? எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். கீரையை ஆய்கிற நேரத்தில் சொன்னது கீரைக்குள்ளேயே போய்விட்டது.

அவள் ஒருத்தி மட்டுமல்ல. சோதனையில் சேர்ந்த சாத்தூர்க்காரர்கள் எல்லோரும் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டு, எல்லோருக்கும் வடிவு மருந்துதான் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊர்ப் புள்ளை, அதிலும் சங்கரலிங்கம் தங்கச்சி, நமக்குப் போய் உப்புத் தண்ணீர் கொடுப்பாளா? எனவே ஒருவர் வீட்டில் மழை பெய்து, இன்னொருவர் வீட்டில் பெய்யவில்லை என்றபோது, ஊர் அதற்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் கண்டது. அவர்களுக்கு மருந்து சேரவில்லை. கத்தரிக்காய் சிலருக்குச் சேராது, கருவாடு சிலருக்குச் சேராது, அது கத்தரிக்காயின் குற்றமில்லையே.

மழை பெய்யாத வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய வெட்கமாகிவிட்டது. ஒரு பெண் முப்பது வருஷம் நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டு செய்த மருந்து, ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிற மருந்து, நம் உடம்பில் போய்ப் பாழாகிறதே என்று அவர்கள் மருகினார்கள். மதுரையில் டாக்டர் தேவசகாயம் எப்படி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் "தேவல சார்" என்றார்கள். சோறு இறங்குகிறதா, இறங்குது சார். வலி உண்டா, அப்படி ஒண்ணும் பெருசா இல்ல சார். ஸ்கேன் எடுக்கிற நாள் வந்தால் ஒருவருக்குக் கொழுந்தன் மகள் சடங்கு, இன்னொருவருக்கு இருக்கன்குடி கோயிலில் மொட்டை, மூன்றாமவருக்கு அந்த மிஷினுக்குள் படுத்தால் பிரேதப் பெட்டி ஞாபகம் வருகிறது, அடுத்த மாசம் பார்க்கலாம் சார்.

இதற்கு நடுவே ஊருக்கு வேறொரு சௌகரியமும் கிடைத்தது. மிளகாய் வற்றல் காய்கிற காலம். மழை வீடுகளை ஒட்டி இருந்தவர்களுக்கு எப்போது சாரல் அடிக்கும் என்று பயம். இசக்கியம்மாள் வீட்டு மாடிக்கு அந்தப் பயமே இல்லை, டிரிப்ஸ் ஏற்றி வந்த அன்றைக்குக்கூட அங்கே வெயில் பளீரென்று அடித்தது. ஒருத்தி வந்து, "மதினி, உங்க மாடியில ரெண்டு சாக்கு மொளகா காயப் போட்டுக்கிறட்டா?" என்று கேட்டாள். மறுநாள் இன்னொருத்தி வந்தாள், அதற்கடுத்து கூழ்வடகத்தோடு ஒருத்தி, உப்புக்கண்டத்தோடு ஒருத்தி. இசக்கியம்மாள் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முடியெல்லாம் கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, படி ஏறி, ஊர் மிளகாயைக் காலால் தள்ளித் தள்ளிப் புரட்டிவிட்டு, மூச்சு வாங்கினால் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொள்வாள். கொண்டுவந்தவர்கள் ஒருவரும் அவளை நோகடிக்க நினைக்கவில்லை. அவளுக்கு நொந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணி பிறந்ததும் டாக்டர் தேவசகாயம் வடிவாம்பாளைக் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்வதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம் உண்டு, அன்றைக்கு ரொம்ப நேரம் துடைத்தார்.

"மேடம், மேல இருக்கிற கமிட்டி கணக்கைப் பார்க்கணும்னா, இத்தனை பேருக்கு நோய் முற்றிச்சுன்னு ஸ்கேன்ல வரணும். அந்த எண்ணிக்கை வந்தாத்தான் அவங்க பூட்டைத் திறந்து, இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனைன்னு பார்ப்பாங்க. சாத்தூர்ல இருந்து எண்ணிக்கையே வரமாட்டேங்குது. எல்லாரும் தேவலங்கிறாங்க."

"தேவலைன்னா நல்லதுதானே டாக்டர்?"

"எல்லாரும் தேவலைன்னா உங்க மருந்துக்கும் உப்புத் தண்ணிக்கும் வித்தியாசம் இல்லைன்னு ஆகும். புரட்டாசியோட நேரம் முடியுது. பழைய மருந்தை விடப் பெரிசா ஒண்ணும் இல்லைன்னு எழுதி மூடிருவாங்க." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உங்க மதினி ரெண்டு ஸ்கேனுக்கு வரலை. நேத்து டிரிப்ஸ் ஏத்திட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது அவங்க முகத்தைப் பார்த்தேன். வலி இல்லைன்னு சொன்னாங்க, நான் அதைத்தான் எழுத முடியும். இது உங்ககிட்ட நான் சொல்லியிருக்கவே கூடாது."

வடிவாம்பாள் அன்று வேலை பார்க்கவில்லை. மேஜை முன்னால் நின்று, கழுவின தட்டுகளை மறுபடி கழுவினாள். அவள் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது, நோயாளியிடம் இன்னது என்று வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால் அந்த நிமிஷத்தோடு சோதனையிலிருந்து விலக வேண்டும், நானூற்றுப் பதினேழு உலகத்துக்குப் போகும்போது அதன்மேல் அவள் பெயர் இருக்காது, மருந்தைப் பற்றி எந்த மேடையிலும் அவள் பேச முடியாது. ஐப்பசி வந்தால் அடைமழையில் ஊரில் எல்லா மாடியும் நனையும், அப்போது மதினியைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் நாள் தள்ளிக்கொண்டிருந்தாள். ஐப்பசிக்கு மதினி இருப்பாளா என்ற கேள்வி அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாக வந்தது, தான் எவ்வளவு பெரிய கோழை என்று நினைத்து வெட்கப்பட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சாத்தூர் வந்து இறங்கினாள். குடையை விரிக்கவில்லை. தெருவில் நின்றிருந்தவர்கள் அதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அண்ணன் வீட்டு முன்னால் வந்து நின்று தலையை உயர்த்தி மேலே பார்த்தாள். மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்க ஊர்க்காரர்களின் மிளகாய்ச் சாக்குகள் மடித்துக் கிடந்தன, வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. டிரிப்ஸ் ஏற்றி மூன்று நாள்கூட ஆகாத வீடு அது.

சங்கரலிங்கம் வாசலில் ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுக் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தங்கச்சியைப் பார்த்து எழுந்தவர், கையைத் துடைத்துக்கொண்டே, "மேல பாத்துட்டியா?" என்றார்.

"பாத்துட்டேன்ண்ணே."

"நான் சொல்ல நெனைச்சேன் வடிவு. போன்ல மழைன்னு வாயெடுத்தாலே நீ வச்சிருத." அவர் உட்கார்ந்து கம்பியைப் பிடித்தார், சுற்று தப்பிவிட்டது, அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

இசக்கியம்மாள் மாடியில் இருந்தாள். நாலு மாதத்தில் பாதியாகியிருந்தாள், சேலை உடம்பில் நிற்காமல் ஊக்குகளால் நின்றது. வடிவாம்பாளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "வா வடிவு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்? நெடி ஏறப் போகுது, மூக்கப் பொத்திக்க," என்றாள்.

"எப்படி இருக்கீங்க மதினி?"

"தேவல."

"மதினி, நான் டாக்டர் இல்ல. உங்க வீட்டுக்காரர் தங்கச்சி. எப்படி இருக்கீங்க?"

இசக்கியம்மாள் மிளகாயைக் காலால் தள்ளினாள். பிறகு நிழலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்: "கோவிச்சுக்கிறாத தாயி. ஒன் மருந்து எனக்குச் சேரல. நானும் மத்தவுகளும் பேசி வச்சிருக்கோம், வெளிய சொல்றதில்லன்னு. எங்க ஒடம்பு செஞ்ச தப்புக்கு ஒன் மருந்துக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுல்ல? அந்த மிஷின்ல போட்டோ எடுத்தா தெரிஞ்சுரும். அதான் போறதில்ல. நீ ஒண்ணும் நெனைக்காத, பேரு கெடாம நாங்க பாத்துக்கிறோம்."

இத்தனை வருஷமாக எலி செத்ததற்கும் தட்டு கெட்டதற்கும் ஆயிரம் காரணம் தேடிய வடிவாம்பாள், இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. இவர்கள் அவளைக் காப்பாற்றுகிறார்கள். அவளைக் காப்பாற்றுவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு மதினிமேல் கோபம் வந்தது, தன்மேல் அதைவிடக் கோபம் வந்தது, எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல் நின்றாள். மிளகாய்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி, நான் சொல்றதக் கேளுங்க. சொல்லக் கூடாதது, சொல்றேன். ஒங்களுக்கு மருந்து சேராம இல்ல. ஒங்களுக்கு என் மருந்தே ஏறல. பழைய மருந்தோட ஏறினது வெறும் உப்புத் தண்ணி."

இசக்கியம்மாள் முழங்காலைப் பிடித்திருந்த கையை விட்டாள்.

"அன்னிக்கே சொன்னேன் மதினி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு..."

"சொன்ன," என்றாள் இசக்கியம்மாள் மெதுவாக. "சொன்ன. நான்தான் கீரைய ஆஞ்சுக்கிட்டு இருந்தேன்." பிறகு, "அப்ப இந்த நாலஞ்சு மாசமா என் ஒடம்புல ஓடினது உப்புத் தண்ணியா? அதுக்கா நான் மதுரைக்கும் சாத்தூருக்கும் பஸ்ல வாந்தி எடுத்துக்கிட்டே போயிட்டு வந்தேன்?" என்று கேட்டவள், கையில் அகப்பட்ட மிளகாயை அள்ளி வடிவாம்பாள் மடியில் எறிந்தாள். "ஏண்டி, நாலு தெரு தள்ளி ஒரு கண்டக்டருக்கு ஊத்தத் தெரிஞ்ச ஒனக்கு, சொந்த மதினிக்கு ஊத்தத் தெரியலயா?"

"எனக்குத் தெரியாது மதினி. யாருக்கு எதுன்னு எனக்குத் தெரியவே கூடாது."

"வானத்தப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

இரண்டு பேரும் அழுதார்கள், நெடிக்குத்தான் அழுகிறார்கள் என்று பக்கத்து மாடியில் துணி உலர்த்தியவள் நினைத்துக்கொண்டாள்.

வடிவாம்பாள் அன்று சாயங்காலமே டாக்டர் தேவசகாயத்திடம் போய், நோயாளி ஒருவரிடம் இன்னது சொன்னேன் என்று ஒப்புக்கொண்டாள். கமிட்டி அவளைச் சோதனையிலிருந்து விலக்கியது, இசக்கியம்மாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது, அவள் இனி எந்தப் பக்கத்துப் புள்ளியும் இல்லை. ஆனால் வைத்தியத்திலிருந்து எடுக்கவில்லை, ஸ்கேனைக் கொண்டுவரட்டும், விதிப்படி பார்க்கலாம் என்றார்கள். இசக்கியம்மாளோ கணக்கிலிருந்து எடுத்ததைப் பற்றி ஒன்றும் அலட்டிக்கொள்ளாமல், ஒரு வேனைப் பேசி, மாடி நனையாத வீடு ஒவ்வொன்றாகப் போய், "நாளைக்கி மதுரைக்குப் போட்டோ எடுக்கப் போறோம், எல்லாரும் கெளம்புங்க" என்றாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "நான் வாரேன்ல? அப்புறம் ஒனக்கு என்ன?" என்று கேட்டாளே தவிர, உப்புத் தண்ணீரைப் பற்றி மூச்சு விடவில்லை. வேனில் புளியோதரை கட்டிக்கொண்டு போனார்கள், திருமங்கலம் தாண்டி நிறுத்திச் சாப்பிட்டார்கள், சாப்பிட முடியாதவர்கள் இலையை முகர்ந்து பார்த்தார்கள். அன்றைக்கு அந்த மிஷின் மூச்சு விட நேரமில்லாமல் ஓடியது. கமிட்டிக்கு வேண்டிய எண்ணிக்கை ஒரே வேனில் வந்து இறங்கிவிட்டது, பூட்டைத் திறந்து பார்த்தவர்கள் மறுவாரமே, இதற்குமேல் யாருக்கும் உப்புத் தண்ணீர் கூடாது, எல்லோருக்கும் மருந்தைக் கொடுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். அந்த உத்தரவில் வடிவாம்பாள் பெயர் இல்லை.

இசக்கியம்மாளுக்கு முதல் பாட்டில் ஏறிய அன்று, ஊரே அவள் வீட்டு மாடியிலிருந்து மிளகாயை அள்ளிக் காலி செய்துவைத்திருந்தது. மத்தியானம் அவள் வந்து கட்டிலில் படுத்ததும் மழை இறங்கியது. குருவையா வீட்டுக்குப் பெய்ததெல்லாம் ஒரு மழையா என்கிற மாதிரி இறங்கியது. முதல் அரை மணியில் குடங்கள் நிரம்பின, அடுத்து அண்டாக்கள், அப்புறம் தெருக்காரர்கள் பாத்திரம் எடுக்கப் போவதை நிறுத்திவிட்டு வாசலில் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். சாயங்காலம் காம்பவுண்டுக்குள் கணுக்கால் தண்ணீர், மறுநாள் முழங்கால் தண்ணீர். சங்கரலிங்கம் மோட்டார்களை அட்டாலியில் ஏற்றிவிட்டு, வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு சுவருக்கு வெளியே ஊற்றினார், ஊற்ற ஊற்ற அதைவிட அதிகமாக வந்தது. இந்த மழையின் அளவைப் பார்த்துத்தான் ஊருக்கு அவள் உடம்பில் என்ன இருந்தது என்பது தெரிந்தது. மாடியில் சாக்குச் சாக்காகக் காயப் போட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மூன்றாம் நாளும் விடவில்லை. கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள், அதன்மேல் இசக்கியம்மாள் படுத்திருந்தாள், சோதனையில் இனி வேலை இல்லாத வடிவாம்பாள் அவள் காலடியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கீழே வீட்டுக்குள் செருப்புகளும் ஒரு பிளாஸ்டிக் குடமும் மிதந்து போய்க்கொண்டிருந்தன. இந்த மழை குறையுமா, குறைவதற்குள் இந்த உடம்பு தாங்குமா என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேலையை நனைத்துக்கொண்டு உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள்.

இசக்கியம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இம்புட்டும் எனக்குள்ளயா வடிவு கெடந்துச்சு?"

"ஆமா மதினி."

"இன்னும் இருக்குமா?"

"இருக்கும்."

"வலிச்சது வடிவு," என்றாள் இசக்கியம்மாள். "ரொம்ப வலிச்சது."

"எங்க மதினி வலிச்சது?"

அவள் தலையணையைச் சுவரோடு நிமிர்த்தி வைக்கச் சொன்னாள், ஒரு வாய் வெந்நீர் குடித்தாள், தை மாதம் ஒருநாள் ரவிக்கைக்குள் கை பட்டதிலிருந்து ஆரம்பித்தாள். இடுப்பில் எப்படி இறங்கியது, படியேறும்போது எப்படிப் பிடித்தது, டாக்டர் முன்னால் உட்கார்ந்து சிரிப்பதற்கு எத்தனை பாடு பட்டாள் என்று ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல், திட்ட வேண்டியவர்களைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். சங்கரலிங்கம் தண்ணீர் மொள்வதை நிறுத்திவிட்டு வாளியோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மழைச் சத்தத்தில் காது கேட்கவில்லை, இன்னும் சத்தமாகச் சொல்லுங்க மதினி என்றாள் சுவரோரம் நின்றவர்களில் ஒருத்தி.